வேறு நிறச் சட்டையில் நம்மவர்கள்



கடந்த மே மாதம் நம் ஆலயத்தில் நடைபெற்ற விடுமுறை வேதாகமப் பள்ளியின் இரண்டாம் நாள், இடைவேளையில் ஒரு சிறுவன் தன் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். கிரிக்கெட் வீரர்களின் படங்களை நாளிதழ்களிலிருந்து கத்தரித்து, பழைய திருமண அழைப்பிதழ்களின் கெட்டி அட்டையில் ஒட்டி, சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, பக்கத்துக்கு நான்காகச் செருகி வைத்திருந்தான். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின்மீது அவனுக்குள்ள பற்று உங்களில் பலர் அறிந்ததே. ஞாயிறு ஆராதனைக்கே மஞ்சள் சட்டையில் வந்து தாயாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு மஞ்சள் சட்டைகூட இல்லை. நீலம், சிவப்பு, ஊதா, இளஞ்சிவப்பு என்று வேறு நிறங்களே இருந்தன.

"உன் அணி எங்கேயப்பா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் நம்ம டீம்தான் ஐயா. இப்ப வேற டீம்ல ஆடுறாங்க, அவ்வளவுதான்," என்றான்.

அந்தப் பதில் பல நாட்கள் என்னை விட்டு நீங்கவில்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டா என்று தேடத் தொடங்கினேன். இருந்தது, நான் எதிர்பார்த்ததைவிட நீண்டதாகவே இருந்தது.

விளையாட்டு வீரர்களின் பட அட்டைகள் பிறந்த இடம் அத்தனை பரிசுத்தமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெல்லிய காகிதப் பொட்டலத்துக்குள் சிகரெட்டுகள் வளைந்துவிடாமல் இருக்க ஒரு கெட்டி அட்டையை வைத்தார்கள். அதை வெறுமையாக விடுவானேன் என்று படம் அச்சிட்டார்கள். இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1896-ஆம் ஆண்டில் 50 கிரிக்கெட் வீரர்களின் அட்டைகளை வெளியிட்டது. அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை புகையிலைக் கம்பெனி வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மட்டும் மிகச் சிலவே அச்சாகி நின்றுபோயிற்று. சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பார்கள். பணத் தகராறுதான் காரணம் என்பாரும் உண்டு. முதலாவது கதையை நம்பவே என் மனம் விரும்புகிறது. அது நிற்க.

சிகரெட்டின் இடத்தைப் பிற்பாடு பபிள்கம் எடுத்துக்கொண்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பு, அமெரிக்கச் சிறுவர்களின் ஒரு தலைமுறையையே சேகரிப்பாளர்களாக்கியது. இங்கேதான் நம் சிறுவனின் புத்தகத்துக்கு நெருக்கமான சங்கதி வருகிறது. வீரர்களின் படங்களைப் பருவம் தொடங்குமுன் பயிற்சிக் காலத்திலேயே எடுத்துவிடுவார்கள். அட்டை அச்சேறுமுன் அந்த வீரர் வேறு அணிக்கு மாற்றப்பட்டுவிட்டால் என்ன செய்வது? ஓவியர் ஒருவர் அமர்ந்து, தொப்பியிலுள்ள பழைய அணியின் சின்னத்தின்மேல் வண்ணம் பூசி, புதிய சின்னத்தை வரைவார். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். முகத்தில் விழும் வெயில் உண்மையானது. தொப்பி மட்டும் கையால் வரைந்தது. 1974-இல் அந்நிறுவனம் மாற்றப்பட்ட வீரர்களுக்கென்றே தனியாக ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டது. அட்டையின் முகப்பிலேயே இவர் மாற்றப்பட்டவர் என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. பின்புறத்தில் அந்தச் செய்தி நாளிதழ்த் தலைப்பைப்போல் அச்சாகியிருந்தது. தன் அணியைவிட்டுப் போன ஆட்டக்காரர்களை, அவர்கள் போன அணிகளின் உடையிலேயே தேடிச் சேர்க்கும் சேகரிப்பாளர்கள் அந்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். விலைக்காக அல்ல. பல அட்டைகளுக்கு விலையே கிடையாது.

நம் நாட்டில் என் தலைமுறைக்கு இந்தத் துக்கம் தெரியாது. எண்பதுகளில் பள்ளிக்கூட வாசலில் இருந்த பெட்டிக்கடையில் பிக் ஃபன் பபிள்கம் கிடைக்கும். உள்ளே ஒரு வீரரின் படம், அதனுடன் இத்தனை ஓட்டம் அல்லது இத்தனை விக்கெட் என்ற குறிப்பு. அவற்றைக் கூட்டிச் சேர்ப்பதே எங்களுக்குப் பெரும் தொழில். 1987 உலகக் கோப்பையில், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா ஒரே ஓட்டத்தில் தோற்ற அன்று என் கணிதப் பெட்டிக்குள் கவாஸ்கரும் கபில்தேவும் அமைதியாகப் படுத்திருந்தார்கள். அவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள். நாட்டுக்காக ஆடுகிறவரை எந்த நாடு விலைக்கு வாங்கும்? கவாஸ்கர் 1980-இல் இங்கிலாந்தின் சாமர்செட் அணிக்கு ஆடினார் என்பதை நான் அறிந்ததே வெகு காலம் கழித்துத்தான்.

2008-இல் ஐ.பி.எல். வந்தது, ஏலம் வந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள், தாங்கள் நேசிக்கிறவர் அடுத்த ஆண்டு எதிரணியில் நிற்கக்கூடும் என்பதை எழுத்துப் படிக்கும்போதே கற்றுக்கொண்டார்கள்.

பாலாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் ஆண்டிலேயே, மே 10 அன்று சேப்பாக்கத்தில், பஞ்சாப் அணிக்கு எதிராக அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தவர். ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அது. 2011-இல் அவர் கொல்கத்தாவின் ஊதாச் சட்டைக்கு மாறினார். மறு ஆண்டு இறுதியாட்டம் அதே சேப்பாக்கத்தில், சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும். காயத்தினால் அவர் அன்று ஆடவில்லை. ஆனால் அவர் அணி வென்றது, நாம் தோற்றோம். நம் சிறுவன் அப்போது பிறந்திருக்கவில்லை. எனினும் அந்த ஊதா நிறப் பாலாஜி அவன் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறார். படம் அவன் மாமாவின் பழைய நாளிதழ்க் கட்டிலிருந்து கிடைத்ததாம்.

அசுவினுக்கு ஒரு முழுப் பக்கம். லோதா குழுவின் தீர்ப்பினால் 2015 ஜூலையில் சென்னை அணி ஈராண்டு விலக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு டிசம்பரில் தோனியும் அசுவினும் புனேக்குப் போனார்கள். ரெய்னாவும் ஜடேஜாவும் பிராவோவும் ராஜ்கோட்டைத் தளமாகக் கொண்ட குஜராத்துக்குப் போனார்கள். 2016 ஏப்ரல் 14 அன்று இரு அணிகளும் ராஜ்கோட்டில் எதிரெதிரே நின்றபோது, யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் நம் வீடுகளில் ஒருவித மௌனம் நிலவியது. அதன்பின் அசுவின் பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று மேலும் மூன்று நிறங்களை உடுத்தினார். எனவே பக்கத்தின் நான்கு கட்டங்களும் நிரம்பின. 2025-இல் அவர் மறுபடியும் மஞ்சளுக்குத் திரும்பினாரே, இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவாயா என்று கேட்டேன். சிறுவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். போனது போனதுதானே, அதை எப்படிக் கிழிப்பது என்றான்.

ஆனால் என்னை நிறுத்தியது மோகித் சர்மாவின் அட்டை. 2014-இல் மஞ்சள் உடையில் 23 விக்கெட் எடுத்து அவ்வாண்டின் ஊதாத் தொப்பியை வென்றவர். பின்பு மெல்ல மறக்கப்பட்டு, 2022-இல் குஜராத் டைட்டன்ஸ் அணிக்கு வலைப் பயிற்சியில் பந்து வீசுகிறவராகச் சேர்ந்தார். 2023 இறுதியாட்டம் அகமதாபாத்தில் மழையினால் ஒரு நாள் தள்ளிப்போய், நள்ளிரவைத் தாண்டி நடந்தது. ரகானேயை, ராயுடுவை, முதல் பந்திலேயே தோனியை வெளியேற்றியவர் இந்த மோகித்தான். கடைசி ஓவரும் அவருடையதே. முதல் நான்கு பந்துகளில் மூன்றே ஓட்டங்கள் கொடுத்தார். இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவை. ஜடேஜா ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி அடித்தார். கும்மிடிப்பூண்டித் தெருக்களில் பட்டாசு வெடித்தது. நானும் எழுந்து கத்தினேன், மறைப்பானேன்? ஆனால் இந்தச் சிறுவன் கருநீலச் சட்டையில் குனிந்து நிற்கும் மோகித்தின் படத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறான். கீழே பென்சிலில், "நல்லாத்தான் போட்டாரு" என்று எழுதியிருக்கிறான்.

பிரியமானவர்களே, நம் ஊரின் நிலைமையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிப்காட்டில் ஓர் ஆலை ஒரு ஷிப்டைக் குறைத்தால், அடுத்த மாதமே நம் ஆலய பெஞ்சுகளில் இரண்டு வெறுமையாகின்றன. ஸ்ரீசிட்டி, ஒரகடம், ஓசூர், வளைகுடா என்று குடும்பங்கள் போகின்றன. வேலைக்காகப் போகிறவர்களைக் கண்ணீரோடும் ஜெபத்தோடும் அனுப்பிவைக்கிறோம். ஆனால் இதே ஊரில் இருந்துகொண்டே வேறு சபைக்குப் போகிறவர்களை? இதை நான் அறிக்கையிட்டே ஆக வேண்டும். பல ஆண்டுகள் நம்மோடிருந்த ஒரு குடும்பம் அவ்விதம் போனபோது, அவர்கள் கேட்ட மாற்றுச் சான்றை வேண்டுமென்றே மூன்று வாரம் தாமதித்தேன். அவர்கள் வீட்டுத் திருமண அழைப்பு வந்தது; வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போகவில்லை. வேறு வேலை எதுவும் இருக்கவில்லை. சபைப் பதிவேட்டில் அவர்கள் பெயர்களின்மேல் சிவப்பு மையினால் கோடிட்டேன். பெயர் வாசிக்க முடியாதபடி இரண்டு முறை.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரம் ஏறத்தாழ முழுவதும் பெயர்ப்பட்டியல். பிரசங்கத்துக்கு உதவாது என்று நாங்கள் தாண்டிப்போகும் பகுதி அது. அதில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் இருக்கிறார்கள். ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு, கொரிந்துவில் பவுலோடு கூடாரம் செய்து, எபேசுவுக்குப் போய், பின்பு மறுபடியும் ரோமாபுரிச் சபையில் இருந்தவர்கள். அவர்களை எந்தச் சபையின் பதிவேட்டில் எழுதுவது?

நவம்பர் மாதத்தில் ஜடேஜாவே மாற்றப்பட்டார் என்ற செய்தி வந்தது. ராஜஸ்தானுக்கு அவர் போக, அங்கிருந்து சஞ்சு சாம்சன் நம்மிடம் வந்தார். அந்த ஞாயிறு சிறுவனின் முகம் வீங்கியிருந்தது. ஆராதனை முடிந்தபின் ஆறுதல் சொல்லப் போனேன். அவன் அதற்குள் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, பென்சிலில் கட்டம் போட்டு, பெயரும் எழுதிவிட்டிருந்தான். இளஞ்சிவப்புச் சட்டையில் படம் வெளிவர இன்னும் மாதங்கள் ஆகும், அதுவரை கட்டம் காலியாக இருக்கட்டும் என்றான்.

நான் வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். சிவப்பு மையை அழிக்க வழியில்லை. எனவே கடைசிப் பக்கங்களில் புதிதாகப் பட்டியல் தொடங்கியிருக்கிறேன்: பெயர், நம்மோடிருந்த ஆண்டுகள், இப்போது எந்த ஊரில், எந்தச் சபையில். இதுவரை 31 குடும்பங்கள். அந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு வியாழன் மாலை நேரில் போனேன். காபி கொடுத்தார்கள். திருமணப் படங்களைக் காட்டினார்கள்.

உங்கள் உறவினரோ நண்பரோ நம் சபையிலிருந்து போய் வேறெங்காவது பாடகர் குழுவிலோ ஓய்வுநாள் பள்ளியிலோ ஊழியம் செய்துகொண்டிருந்தால், அங்கே எடுத்த படம் ஒன்றை வாங்கி அனுப்புங்கள். நம் ஆலயத்தில் எடுத்த பழைய படம் வேண்டாம். ஒட்டுவதற்குக் கெட்டி அட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு போதகரின் வீட்டில் பழைய திருமண அழைப்பிதழ்கள் எத்தனை சேர்ந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.