மஞ்சப்பைக்கு முன்னும் பின்னும்

நம் வயதுக்காரர்கள் கூடினால் "அந்தக் காலத்தில் பிளாஸ்டிக்கே கிடையாது" என்று பெருமையாகப் பேசுவோம். உண்மைதான். ஆனால் அந்தக் காலம் ஏன் போனது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எங்கள் அலங்காநல்லூர்ப் பக்கம் எண்ணெய் வாங்கத் தூக்குவாளி, பால் வாங்கச் சொம்பு, கறி வாங்கப் பனையோலைப் பெட்டி அல்லது தேக்கிலை. பருப்பும் மல்லியும் பழைய தாளில் பொட்டலமாகி, சணலால் கட்டப்படும். ஆழாக்கு, உழக்கு என்று எவ்வளவு சின்ன அளவும் வாங்கலாம். கூலி வாங்கிய கையோடு அன்றைய சமையலுக்கு மட்டும் வாங்கிப்போனவர்கள் எத்தனை பேர்!

பிறகு பாக்கெட் வந்தது. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்றார். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் அதே வழியில் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவை ஊரெல்லாம் கொண்டுபோனார். ஊறுகாய், காபித்தூள், மசாலா எல்லாமே பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்தன.

மக்கள் அதை விரும்பியதற்குக் காரணம் இருந்தது. கூட்டுறவுப் பண்டகசாலையில் பல வருடம் தராசு பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சில்லறைச் சரக்கில் எடைக்குறைவும் கலப்படமும் தீராத சண்டை. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, உடம்பு வீங்கி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டே, சமையல் எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணை போட்டது. பாக்கெட்டின் மேல் எடை, தேதி, விலை, தயாரித்தவர் பெயர் எல்லாம் இருந்தன. ஏமாந்தால் யாரைக் கேட்பது என்று தெரிந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டீக்கடைக் கண்ணாடி கிளாஸை நினைத்து உருகுகிறோம். மதுரை மாவட்டக் கிராமங்களில் இரட்டைக் குவளையும் இருந்ததே! தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்த பிறகும் இருந்தது. தூக்கி எறியும் கப் வந்ததும், எல்லோருக்கும் ஒரே கப் என்று சிலர் நிம்மதியடைந்தார்கள். சில இடங்களில் ஒரு தரப்புக்கு மட்டும் அந்தக் கப்பைக் கொடுத்து, பழைய பேதத்துக்குப் புதுச்சட்டை மாட்டினார்கள்.

2018 ஜூன் 5 அன்று சட்டசபையில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்த தடை, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பை, கப், தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் என 14 வகைப் பொருட்கள். 2021 டிசம்பர் 23 அன்று முதல்வர் ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கினார். ஒரு காலத்தில் பட்டிக்காட்டான் அடையாளமென்று சினிமாவில் கேலி செய்யப்பட்ட பைக்கு இப்படி ஒரு மரியாதை!

பை திரும்பியது. பைக்குள் போகும் பாக்கெட்தான் குறையவில்லை. பரோட்டாவை வாழையிலையில் மடிக்கிறார்கள். சால்னா இன்னமும் பல கடைகளில் பிளாஸ்டிக் கவரில்தான். நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் சாலை போடுவது வந்த குப்பைக்கு வழி. குப்பை வராமலிருக்க வழி நம் அடுக்களையில்தான் இருக்கிறது.

சால்னாவுக்குத் தூக்குவாளி கொண்டுபோகலாம். செக்கு எண்ணெய்க்கு வீட்டுப் பாத்திரம் போதும். கடைக்காரர் தராசை நம் கண் முன்னே பிடிக்கட்டும்; சரக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கட்டும். டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் திரும்பட்டும். வெந்நீரில் கழுவி, யார் வந்தாலும் அதே கிளாஸில் தரட்டும்.

பழசில் நல்லதை எடுத்துக்கொள்வோம். எடைக்குறைவும் இரட்டைக் குவளையும் போனது போனதாகவே இருக்கட்டும்.