ஒரே மருந்து, வேறு வேறு உடல்

ஒரே அளவு மருந்து எல்லோர்க்கும் ஒரே பயனைத் தருமா? தராது என்பதற்குச் சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தோன்றிய காசநோய் மருந்தாய்வு நிலையம் சான்று கண்டது. ஐசோனியசிட் என்னும் மருந்தைச் சிலருடைய கல்லீரல் விரைவில் வலுவிழக்கச் செய்கிறது. வேறு சிலருடையது மெல்லவே செய்கிறது. பெற்றோர்வழி வரும் மரபணுவே இதற்குக் காரணம். இவ்வேறுபாட்டை ஆய்வாளர்கள் நோயாளரிடையே அளந்தறிந்தனர். வாரம் ஒருமுறை மட்டும் மருந்துண்டபோது முதல் வகையினர்க்குக் குணம் குறைந்தது. மிகுதியாக உண்டபோது இரண்டாம் வகையினர் சிலர்க்குக் கைகால் நரம்புகள் பழுதுற்றன. உயிர்ச்சத்து பி6 அதனைத் தடுத்தது. நாள்தோறும் மருத்துவமனைக்கு வர இயலாத ஏழை நோயாளிக்கு மருந்தின் அளவையும் இடைவெளியையும் வகுக்க இவ்வறிவு துணைநின்றது. நோயை மட்டுமன்று, நோயாளியையும் அறிவதே மருத்துவம்.