ஸ்விட்ச் போர்ட் நிலை அறிதல்

ஸ்விட்ச் போர்ட் நிலை அறிதல் என்பது கணினி வலைப்பின்னலின் நடுவே இருக்கும் ஸ்விட்சில் ஒவ்வொரு கேபிள் வாயிலும், அதாவது போர்ட்டிலும், இணைப்பு உயிரோடு இருக்கிறதா, எந்த வேகத்தில் இருக்கிறது, அதன் வழியே தரவு பழுதில்லாமல் போய் வருகிறதா என்று சோதித்துப் பார்க்கும் வேலை. இங்கே ஸ்விட்ச் என்றால் சுவரில் தட்டி விளக்குப் போடும் பொருள் அல்ல. வரும் தரவுப் பொட்டலத்தின் முகவரியைப் பார்த்து, அதற்குரிய கேபிளில் மட்டும் அனுப்பிவிடும் பெட்டி. ‘பிணைய ஆளி’ என்ற கலைச்சொல் ஏட்டில் இருக்கிறது. மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கைக்கு எதுவும் வராது. ‘எட்டு போர்ட் ஸ்விட்ச்’ என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

போர்ட்டில் விளக்கு எரிந்தால் இணைப்பு சரி, எரியாவிட்டால் கோளாறு என்று நினைப்பவர்கள்தான் அதிகம். முதல் பாதி பெரும்பாலும் ஏமாற்றும். விளக்கு சொல்வது கேபிளின் இரு முனைகளிலும் மின்சாரம் உள்ள கருவிகள் ஒன்றையொன்று உணர்ந்துகொண்டன என்பதை மட்டும்தான். அதற்கு மேலே குறைந்தது மூன்று அடுக்குகளில் கோளாறு ஒளிந்திருக்கலாம்.

விளக்கு எதைப் பார்த்து எரிகிறது

1990-ல் வந்த 10 மெகாபிட் முறுக்குக் கம்பி ஈதர்நெட் தரத்தில், பேச எதுவும் இல்லாத நேரத்திலும் இரு கருவிகளும் ஏறத்தாழ 16 மில்லி நொடிக்கு ஒருமுறை சின்னத் துடிப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். எதிர்முனைத் துடிப்பு வந்துகொண்டிருக்கும் வரை விளக்கு எரியும், நின்றால் அணையும். 1995-ல் 100 மெகாபிட் தரம் வந்தபோது ஒற்றைத் துடிப்பு துடிப்புக் கொத்தானது. ‘என்னால் இந்த வேகத்தில் பேச முடியும், ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியும்’ என்று இரு கருவிகளும் அந்தக் கொத்தில் சொல்லிக்கொண்டு, இருவருக்கும் பொதுவான உச்ச வேகத்தில் உடன்படும். இதற்குப் பெயர் ஆட்டோ நெகோஷியேஷன்.

விளக்கின் நிறத்துக்குப் பொது விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் பெட்டியில் பச்சை என்றால் கிகாபிட், ஆரஞ்சு என்றால் 100 மெகாபிட். இன்னொன்றில் ஆரஞ்சு வந்தால் அந்தப் போர்ட்டை ஸ்விட்சே தடுத்து வைத்திருக்கிறது என்று பொருள். பெட்டியோடு வந்த தாளைப் பார்க்காமல் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. விளக்கு சிமிட்டினால் தரவு நகர்கிறது என்பது ஏறக்குறைய எல்லாப் பெட்டிக்கும் பொது. ஆனால் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தது போலச் சிமிட்டினால் அது நல்ல அறிகுறி அல்ல. யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகியிருக்கலாம். அனுப்பிய பொட்டலமே திரும்பத் திரும்பச் சுற்றி, சில நொடிகளில் அலுவலகம் முழுவதும் நின்றுபோகும். இந்தச் சுழலைக் கண்டு ஒரு வழியை மூடிவைக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை ரேடியா பெர்ல்மன் 1985-ல் வகுத்தார். விலை குறைந்த, நிர்வாக வசதி இல்லாத ஸ்விட்ச்களில் பலவற்றுக்கு இன்றும் அது தெரியாது.

கட்டளையும் பதிலும்

நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்சில் உள்ளே நுழைந்து கேட்கலாம். சிஸ்கோ பெட்டிகளில் ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்’ என்று அடித்தால் போர்ட்டுக்கு ஒரு வரியாகப் பட்டியல் வரும். ‘கனெக்டட்’ என்றால் எதிர்முனை தெரிகிறது. ‘நாட்கனெக்ட்’ என்றால் எதிர்முனை இல்லை, அல்லது கேபிள் அறுந்திருக்கிறது. ‘டிஸேபிள்ட்’ என்றால் நிர்வாகி தானே மூடிவைத்தது. ‘எர்ர்-டிஸேபிள்ட்’ என்றால் ஸ்விட்ச் ஏதோ தவறைக் கண்டு தானாக மூடிக்கொண்டது.

மூடிய போர்ட்டையும் ‘நாட்கனெக்ட்’டையும் குழப்பிக்கொள்வதால் வீணாகும் நேரம் கொஞ்சமல்ல. மூடிவைத்த போர்ட்டிலும் பெரும்பாலும் விளக்கு எரியாது, அறுந்த கேபிளிலும் எரியாது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் வலைப்பின்னல் கண்காணிப்புத் தரங்கள் இரண்டு நிலைகளைத் தனித்தனியே வைத்திருக்கின்றன: நிர்வாகி விரும்பும் நிலை, போர்ட் உண்மையில் இருக்கும் நிலை. இரண்டும் முரண்படும் இடத்தில்தான் வேலை இருக்கிறது. அனுமதி இல்லாத கணினியைச் செருகியதாலோ, ஊழியர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்விட்சை மாட்டியதாலோ போர்ட் தானாக மூடியிருந்தால், காரணத்தை நீக்காமல் திறந்துவிடுவதில் பயனில்லை. சில நொடிகளில் மறுபடியும் மூடிக்கொள்ளும்.

எட்டு கம்பிகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன

ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். 10, 100 மெகாபிட் வேகங்களுக்கு இரண்டு ஜோடி போதும். ஆர்ஜே 45 முனையில் 1, 2, 3, 6 ஆகிய ஊசிகள்தான் அவற்றுக்கு வேலை. 1999-ல் தரமான கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீல ஜோடியையோ பழுப்பு ஜோடியையோ எலி கடித்திருந்தால், அல்லது கிரிம்பிங் செய்தவர் ஒரு கம்பியைச் சரியாக இறக்காமல் விட்டிருந்தால், சில கருவிகளில் இணைப்பு வரவே வராது. வேறு சிலவற்றில் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இணையமும் வரும். ‘முன்னைப் போல இல்லை, மெதுவாக இருக்கிறது’ என்ற புகார் மட்டும் வந்துகொண்டிருக்கும். கட்டளையில் வேகப் பத்தியைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிகிற விஷயம் இது. நீளம் 100 மீட்டரைத் தாண்டிய கேபிளிலும் இதே வகைச் சிக்கல் வரும். சில ஸ்விட்ச்கள் கம்பிக்குள் துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து, எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்றே சொல்லிவிடும்.

இதைவிடத் தந்திரமான கோளாறு ஒன்று உண்டு. ஒரு முனையில் ‘100 மெகாபிட், முழு இருவழி’ என்று கையால் பூட்டிவைத்து, மறுமுனையைத் தானியங்கியாக விட்டால், தானியங்கி முனை விதிப்படி அரை இருவழிக்கு இறங்கும். ஒருவர் பேசிக்கொண்டே கேட்பார். மற்றவர் ‘நீங்கள் முடித்த பிறகு நான்’ என்று காத்திருப்பார். எதிர்முனை பதில் சொல்கிறதா என்று சோதிக்கும் பிங் அடித்தால் பதில் வரும். பெரிய கோப்பை நகலெடுத்தால் நத்தை வேகம். போர்ட்டின் பிழைக் கணக்கைப் பார்த்தால் அரை இருவழி முனையில் ‘லேட் கொலிஷன்’ ஏறிக்கொண்டிருக்கும். மறுமுனையில் சிஆர்சி பிழைகள் ஏறும். பிழைக் கணக்கின் மொத்த எண்ணை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஸ்விட்ச் ஓராண்டாக அணையாமல் ஓடினால் நல்ல போர்ட்டிலும் பழைய பிழைகள் சேர்ந்திருக்கலாம். கணக்கைச் சுழியாக்கி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் ஏறுகிறதா என்பதே கேள்வி.

மேல் அடுக்குகள்

கம்பி சரியென்றால் அடுத்தது முகவரி. ஸ்விட்ச் தன் மேக் அட்டவணையில் எந்தக் கருவியை எந்தப் போர்ட்டில் பார்த்தது என்று குறித்துவைக்கும். வழக்கமாக 300 நொடி பேச்சே இல்லாவிட்டால் அழித்துவிடும். விளக்கு எரிகிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் ஒரு மேக் முகவரியும் இல்லை என்றால் கருவி விழித்திருந்தும் வாய் திறக்கவில்லை. முகவரி இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் போர்ட் எந்த விலேனில், அதாவது ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த எந்தத் தனி வலைப்பின்னலில், இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவின் கணினியைக் கேமராக்களின் விலேனில் மாட்டினால், கேபிள் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அச்சுப்பொறி கிடைக்காது. கணினிக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி வந்திருந்தால், முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

பிங் கடைசியில்தான். மைக் மஸ் 1983-ல் எழுதிய இந்தச் சின்ன நிரலை எல்லாரும் முதலில் அடிக்கிறார்கள். பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. வராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. எதிர்க் கணினியின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம்.

மதுரையும் தேனி வட்டாரமும்

‘இணைப்பு இருக்கிறது’ என்பதற்கும் ‘வேலை நடக்கிறது’ என்பதற்கும் உள்ள தூரத்தை நன்றாகக் காட்டுவது மதுரைக் கண் மருத்துவமனை ஒன்றின் வலைப்பின்னல். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-களின் நடுவில் தேனி வட்டாரத்தில் பார்வை மையங்களைத் திறந்தது. தேனி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியாக இருந்தது. சின்னமனூர், பெரியகுளம் போன்ற ஊர்களில் இருப்பவர் மையத்தில் உட்கார்ந்தபடியே தேனி மருத்துவமனையின் மருத்துவரோடு வீடியோவில் பேசலாம். இதற்கான கம்பியில்லா இணைப்பைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு அமைத்தது. கடையில் கிடைக்கும் வைஃபை அட்டையையே உயரக் கோபுரத்தில் திசை ஆன்டெனாவோடு மாட்டி, கிலோமீட்டர் கணக்கில் எட்ட வைத்தார்கள். இதற்கு முன்பே, 2001 வாக்கில், மேலூர் வட்டாரக் கிராமங்களில் சென்னை ஐஐடி உருவாக்கிய கோர்டெக்ட் கம்பியில்லா இணைப்பில் இணைய மையங்கள் நடந்திருக்கின்றன. அந்த இணைப்பு அதிகபட்சம் 70 கிலோபிட். முகம் பார்த்துப் பேசும் தெளிவான வீடியோவுக்கு அது போதாது.

தேனி போன்ற நீண்ட இணைப்புகளில் முதலில் பிடிபட்ட கோளாறு பாடமாகச் சொல்லத் தக்கது. வைஃபை தரம் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘கிடைத்தது’ என்ற பதிலை எதிர்பார்க்கும். அறைக்குள் அது கண்ணிமைக்கும் முன் வந்துவிடும். பல கிலோமீட்டர் தொலைவில் பதில் வருவதற்குள் காத்திருப்பு நேரம் முடிந்து, கிடைத்துவிட்ட பொட்டலமே திரும்ப அனுப்பப்படும். நிலைப் பட்டியலில் இணைப்பு ‘அப்’. வீடியோவோ திக்கித் திணறும். முனைகளுக்கு நேரம் பிரித்துக்கொடுத்து, பதில்களை மொத்தமாக வாங்கும் வைல்ட்நெட் முறையை ரபின் பாத்ராவும் சக ஆய்வாளர்களும் 2007-ல் வெளியிட்டார்கள். நடைமுறையில் வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது.

இரண்டாவது எதிரி மின்சாரம். சோனேஷ் சுரானாவும் குழுவினரும் 2008-ல் தந்த அனுபவப் பதிவில், ஊரக வலைப்பின்னல் படுப்பதற்கு ரேடியோவைவிட மின்சாரத் தரமே பெரிய காரணம் என்று தெரிகிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஆயிரம் வோல்ட் வரை தெறிப்பு. சில வேளை மணிக்கணக்கில் குறை அழுத்தம். மின்வழங்கிகளும் ஈதர்நெட் போர்ட்களும் எரிந்தன. குறை அழுத்தத்தில் பாதி விழித்து, பாதி உறங்கிய ரூட்டர்களின் நினைவக அட்டைகள் பழுதாயின. போர்ட் எரிந்த பெட்டியில் மின் விளக்கு எரியும், ரேடியோவும் பேசும். கேபிள் வழியே மட்டும் எதுவும் வராது. கேபிள் முனையிலிருந்து பார்ப்பவருக்குப் பெட்டியே செத்தது போலத் தோன்றும்.

அதற்கு அவர்கள் கண்ட வழி, வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்காமல் கிராமத்துப் பெட்டியையே சொல்ல வைப்பது. மையங்கள் நேரடியாக எட்ட முடியாத உள் முகவரிகளில் இருந்ததால், ஒவ்வொரு ரூட்டரும் தன் நிலையைக் குறித்த இடைவெளியில் தானே மேல் சர்வருக்கு அனுப்பியது. முக்கிய வழி அறுந்தால் உள்ளே நுழைய வேறொரு பின்வாசலும் வைத்தார்கள். மின்னழுத்தம் குறைந்தால் கருவியை முழுதாக அணைத்துவிடும் சுற்றுகளையும் சேர்த்தார்கள். கண் மருத்துவ ஊழியர்களுக்கு எந்த விளக்கு எரிய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பது வரை சொல்லித்தர வேண்டியிருந்தது. உண்மைக் கோளாறு ஒன்றாகவும் ஊழியர் ஊகம் வேறொன்றாகவும் இருந்த சம்பவங்களை அந்தப் பதிவு மறைக்கவில்லை.

மதுரை நகருக்குள்ளும் நிலைமை வேறு அளவில் இதுவே. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் மூடிய ரேக்குக்குள் வைத்த ஸ்விட்ச் சூடேறித் தடுமாறும். கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுத்த செம்புக் கேபிள் மின்னலை உள்ளே கூட்டிவரும். மறுநாள் காலை ஸ்விட்சில் அந்த ஒரு போர்ட்டும் பக்கத்துப் போர்ட்களும் இருண்டிருக்கும். கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழைக் கேபிள் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. இழை மின்சாரத்தைக் கடத்தாது. ரேக்குக்கு நல்ல எர்த் இல்லாத இடத்தில் யுபிஎஸ் மட்டும் வாங்கிப் பயனில்லை.

அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. நோயாளி இருப்பது ஓர் ஊரிலும் மருத்துவர் இருப்பது இன்னோர் ஊரிலுமாக, வீடியோ வழியே கண் பார்ப்பது அங்கே தொடர்கிறது.