வசந்தம் என்னும் பெயரும் சிறுவர் விழியும்

வட இந்தியாவின் வறண்ட சமவெளிகளில் குடியேறி வாழும் நம் குடும்பங்களிற் பல இக்காட்சியை அறியும். வெயிலும் புழுதியும் மிகுந்ததும் சிறுவன் ஓயாது கண்ணைக் கசக்குகிறான், கண் சிவக்கிறது, நூல் போன்ற பீளை வருகிறது. பருவம் மாறினால் நீங்கிவிடும் என்று நாம் வாளாவிருக்கிறோம்.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இந்நோயைப் பருவத்தின் பெயராலேயே அழைத்தது. ஜெர்மானிய மருத்துவர் சேமிஷ் 1876-இல் இதற்கு 'வசந்தகாலக் கண்ணழற்சி' என்று பெயரிட்டார். ஒவ்வாமையைக் குறிக்கும் 'அலர்ஜி' என்ற சொல்லே அன்று இல்லை. வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் பிர்க்கே அதனை வழங்கியது 1906-இல்தான். வெப்பம் மிகுந்த நாடுகளிலோ இந்நோய் வசந்தத்தோடு நில்லாமல் ஆண்டு முழுவதும் நீடிப்பதுண்டு.

பெரும்பாலும் பத்து வயதுக்குள் தொடங்கும் இந்நோய், சிறுமியரைவிடச் சிறுவரையே மிகுதியாகப் பற்றுகிறது. வாலிபப் பருவத்திற்குப் பின் பொதுவாகத் தணிகிறது. ஆயினும், அதற்குள் கருவிழியின் முன்புறமுள்ள கண்ணாடி போன்ற படலத்திற்குத் தீங்கு நேரலாம். மேல் இமையின் உட்புறத்தே எழும் தடிப்புகள் அதனை உராய்கின்றன; ஒவ்வாமை அணுக்கள் சுரக்கும் பொருள்களும் அதனை அரிக்கின்றன. முதலில் ஊசிமுனை போன்ற சிறு புண்கள். முற்றினால் கேடய வடிவிலான பெரும்புண். புண் ஆறினும் தழும்பு நின்று பார்வையை மறைக்கக்கூடும்.

மற்றொரு தீங்கும் உண்டு. அப்படலம் மெலிந்து கூம்புபோற் பிதுங்குவதைப் பற்றி லிவர்ப்பூல் மருத்துவர் நாட்டிங்காம் 1854-லேயே தனி நூல் எழுதினார். ஓயாது கண்ணைக் கசக்கும் பழக்கம் அதற்குத் துணைபோகிறது என்பதை மருத்துவர்கள் பின்னர் உணர்ந்தனர்.

பரிகாரங்களும் வளர்ந்தன. 1905-இல் ஸிர்ம் என்னும் மருத்துவர் மனிதக் கருவிழியை மாற்றிப் பொருத்தி முதல் வெற்றி கண்டார். கூம்பிய படலத்தை ரிபோபிளேவின் என்னும் வைட்டமினாலும் புற ஊதாக் கதிராலும் உறுதியாக்கும் முறையை 2003-இல் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் வெளியிட்டனர்.

ஆனால் விரைவில் அரிப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இருமுனைக் கத்தி. மருத்துவர் மேற்பார்வையின்றி மாதக்கணக்கில் இட்டுவந்தால், கண்ணின் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடலாம், புரையும் படரலாம். ஆதலால், பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மீண்டும் மீண்டும் மருந்து வாங்குவதை விடுப்போம். அரிப்பெடுக்கும் கண்ணுக்குக் குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றுவோம். கசக்கும் சிறுகையைத் தடுத்து, காலந்தாழ்த்தாது கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.