புறக்கூறுகளின் வரலாறு: 'பியூர் டேற்றா' ஒலிநிரலாக்கச் சூழல் பற்றிய ஒரு நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். ஆயின் கருவியொன்று நீண்டகாலம் நிலைத்து வாழ்வது ஆக்கியோரின் ஆற்றலால் மட்டுமன்று. அதனைக் கையாள்வோர் அதிற் சேர்க்கும் உறுப்புக்களாலும், அவ்வுறுப்புக்களைப் பேணுவோரின் உழைப்பாலுமாகும். 'பியூர் டேற்றா' என்னும் கணினி ஒலிநிரலாக்கச் சூழலின் வரலாற்றைக் கொண்டு இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சூழலில் நிரல் எழுதப்படுவதில்லை, வரையப்படுகின்றது. திரையிற் சிறு பெட்டிகளை இட்டு, அவற்றைக் கோடுகளால் இணைத்தல் வேண்டும். ஒரு பெட்டி அலையைப் பிறப்பிக்கும்; இன்னொன்று அதனை வடிகட்டும்; வேறொன்று உரப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். இவ்வெண்ணத்தின் வேர் பழையது. 1957 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்யூஸ் 'மியூசிக்' என்னும் நிரலை எழுதிக் கணினியைக் கொண்டு 17 வினாடி இசையை உண்டாக்கினார். சிறு ஒலியாக்க அலகுகளைத் தொடுத்துப் பெரிய இசைக்கருவியை அமைக்கும் முறையும் அவரது நிரல்வரிசையிலேயே 1960 ஆம் ஆண்டளவில் உருப்பெற்றது.

அம்முறைக்குக் காட்சி வடிவம் தந்தவர் மில்லர் பக்கெற் ஆவார். பாரிஸ் நகரில் 1977 இல் திறக்கப்பட்ட இர்காம் ஆய்வு நிலையத்தில், 1980களின் பிற்பகுதியில், மக்கின்ரொஷ் கணினியில் அவர் ஆக்கிய நிரல் மத்யூஸின் நினைவாக 'மக்ஸ்' எனப் பெயர் பெற்றது. இசையமைப்பாளர் பிலிப் மனூரியின் 'புளூட்டோன்' (1988) என்னும் ஆக்கத்தின் தேவைகளோடு அந்நிரல் வளர்ந்தது. 1990 இல் ஒப்கோட் நிறுவனம் அதனை விற்பனைக்கு வெளியிட்டது. பின்னர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திற்குச் சென்ற பக்கெற், 1996 இல் 'பியூர் டேற்றா'வை வெளியிட்டார். எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இடந்தரும் உரிமத்துடன் அது வழங்கப்பட்டது.

பக்கெற் தமது நிரலின் உட்கருவைச் சிறியதாகவே வைத்திருந்தார். உட்கருவில் இல்லாதவற்றைப் பிறர் ஆக்கிச் சேர்ப்பதற்கு வாயிலொன்றைத் திறந்து வைத்தார். 'எக்ஸ்ரேணல்' எனப்படும் இச்சேர்க்கைகளை இங்குப் 'புறக்கூறுகள்' எனக் குறிப்போம். மார்க் டாங்ஸ் தொடக்கிய 'ஜெம்' தொகுதி படங்களைக் கையாளும் ஆற்றலைத் தந்தது. கிறிஸ்ரொப் சாயா எழுதிய 'சைக்ளோன்' தொகுதி, மக்ஸில் உள்ள பெட்டிகளை ஒத்தவற்றை வழங்கியது.

புறக்கூறு ஆக்கப்படும் முறையையும் நோக்குதல் வேண்டும். பொதுவாகச் சி மொழியில் எழுதப்படும் அந்நிரல், முதலில் தனது பெயரைச் சூழலிற் பதிவுசெய்தல் வேண்டும். பெட்டி இடப்படும்போது நினைவகத்தில் இடம்பெற்று நுழைவாய்களையும் வெளிவாய்களையும் அமைத்தல் வேண்டும். வந்தடையும் செய்திகளுக்கு விடையிறுத்தல் வேண்டும். ஒலியைக் கையாள்வதாயின், வழமையாக 64 மாதிரிகள் கொண்ட ஒவ்வொரு தொகுதியையும் உரிய நேரத்திற் கணித்து முடித்தலும் வேண்டும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் எனக் கொள்ளின், இக்கணிப்பு வினாடிதோறும் ஏறத்தாழ 689 தடவை நிகழ்கின்றது. அதிற் பிந்தினால் ஒலி அறுபடும். எழுதிய மூலநிரல் இறுதியில் குறித்த கணினி வகையொன்றுக்கு ஏற்ற பொறிமொழியாகத் தொகுக்கப்படுகின்றது. சி மொழி அறியாதவருக்கும் வழியுண்டு. வரைபொன்றைத் தனிக் கோப்பாகச் சேமித்து, அதன் பெயரைப் பெட்டியில் இட்டால் அதுவே புதிய கூறாக இயங்கும்.

ஆக்குவது ஒருபுறமிருக்க, ஆக்கப்பட்டதைக் கண்டடைவதும் சிக்கலாயிற்று. புறக்கூறுகள் பல இடங்களிற் சிதறிக் கிடந்தன. ஒரே பெயரில் இருவேறு கூறுகளும் தோன்றின. 'ஸ்கேல்' என்னும் பெயர் சைக்ளோனிலும் 'மக்ஸ்லிப்' தொகுதியிலும் இருந்தது. இந்நிலையில் ஹான்ஸ் கிறிஸ்ரொப் ஸ்ரைனர் முதலானோர் பல தொகுதிகளை ஒன்றுசேர்த்துப் 'பிடி எக்ஸ்ரெண்டட்' என வெளியிட்டனர். மாணவரும் கலைஞரும் தேடலின்றி யாவற்றையும் ஒருங்கே பெற்றனர். எனினும் அத்தனை தொகுதிகளையும் பேணும் சுமை மிகச் சிலரின் தோள்களில் விழுந்தது. 2013 க்குப் பின்னர் அதன் புதிய பதிப்பு வெளிவரவில்லை.

அதன் விளைவை நான் நேரிற் கண்டேன். நண்பர் ஒருவர் தந்த பழைய வரைபொன்றைத் திறந்தபோது பெட்டிகள் பல முறிகோட்டு எல்லையுடன் தோன்றின. உரிய கூறுகளை உருவாக்க முடியவில்லை என்ற செய்தி வரிவரியாக வந்தது. வரைபு முழுமையாக இருந்தது. ஒலி மட்டும் எழவில்லை. ஓர் இசையாக்கம் அழியாமலே ஊமையாகலாம் என்பதை அன்று உணர்ந்தேன்.

2016 இல் வெளிவந்த 0.47 ஆம் பதிப்பு வேறொரு வழியைக் காட்டிற்று. கிறிஸ் மக்கோர்மிக் தொடக்கிய 'டெக்கன்' என்னும் தேடுகருவி அதனுள் இணைக்கப்பட்டது. ஆக்கியோர் தத்தம் தொகுதிகளைத் தாமே பொதுவிடத்தில் வைக்கலாம். பயன்படுத்துவோர் சூழலினுள் இருந்தவாறே தேடிப் பெறலாம். ஒரு களஞ்சியக் காவலரின் சுமை பலருக்குப் பகிரப்பட்டது.

ஆயினும் தேடுகருவி பேணுவோருக்கு ஈடாகாது. அப்பிள் கணினிகள் 2006 இல் இன்ரெல் செயலிக்கும், 2020 முதல் அந்நிறுவனத்தின் சொந்தச் செயலிகளுக்கும் மாறத் தொடங்கியபோது, முன்னர் தொகுக்கப்பட்ட கூறுகளைப் புதிதாகத் தொகுக்க வேண்டியதாயிற்று. மூலநிரல் கிடைத்தவை மறுபிறப்பெய்தின. கிடைக்காதவற்றுக்கு அவ்வழி அடைபட்டது.

இவ்வாறு நோக்குமிடத்து, வரலாற்று மாணவர் தேடவேண்டியது முதற் படைப்பாளியின் பெயரை மட்டுமன்று என்பது தெளிவாகும். எவர் திருத்தினர், எவர் மீளத் தொகுத்தனர், எவர் பிறருக்கென மூலநிரலை விட்டுச்சென்றனர் என்னும் வினாக்களும் வரலாற்று வினாக்களே. வாயிலைத் திறந்து வைத்தமை பக்கெற்றின் பெருமை. அவ்வாயில் வழியே வந்து, பெயர் அறியப்படாமல் உழைத்தோராலேயே அக்கருவி இன்றும் ஒலிக்கின்றது.