குடிமக்கள் அலைவரிசை வானொலி ஆண்டெனா

குடிமக்கள் அலைவரிசை வானொலி ஆண்டெனா என்பது 27 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி இயங்கும் இருவழித் தனியாள் வானொலிக் கருவியுடன் இணைக்கப்படும் விண்ணலைக்கம்பி ஆகும். சுருக்கமாகச் சி.பி. வானொலி எனப்படும் இக்கருவி, வாகன ஓட்டிகள், விவசாயிகள், படகோட்டிகள் முதலியோர் குறுந்தொலைவில் பேசிக்கொள்ளப் பயன்படுகிறது. அனுப்பும்போது மின்னாற்றலை மின்காந்த அலைகளாகவும், பெறும்போது அலைகளை மின்குறிப்புகளாகவும் மாற்றுவது ஆண்டெனாவின் பணியாகும். இக்கருவிகளின் திறன் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளதால், தொடர்பு எட்டும் தொலைவு பெரும்பாலும் ஆண்டெனாவின் வகை, அது பொருத்தப்படும் இடம், அதன் இசைவு ஆகியவற்றையே சார்ந்துள்ளது.

வரலாறும் சட்டநிலையும்

ஐக்கிய அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதி 1958 ஆம் ஆண்டு இச்சேவைக்கு ஒதுக்கப்பட்டது. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சரக்குந்து ஓட்டுநர்களிடையே இது பெரிதும் பரவியது. தொடக்கத்தில் 23 தடங்கள் இருந்தன. 1977 சனவரி 1 முதல் இவை 40 தடங்களாக உயர்த்தப்பட்டன. இவை 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை அமைந்துள்ளன. 9 ஆவது தடம் அவசர உதவிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. 19 ஆவது தடத்தை நெடுஞ்சாலை ஓட்டுநர்கள் வழக்கமாகப் பயன்படுத்துகின்றனர்.

அமெரிக்காவில் வீச்சுப் பண்பேற்றத்தில் 4 வாட் வரையும், ஒற்றைப் பக்கப்பட்டையில் உச்ச அளவாக 12 வாட் வரையும் அனுப்பலாம். 2021 ஆம் ஆண்டு அதிர்வெண் பண்பேற்றத்திற்கும் ஒப்புதல் வழங்கப்பட்டது. நிலையத்தில் பொருத்தப்படும் ஆண்டெனாவின் உச்சி தரையிலிருந்து 18.3 மீட்டருக்கோ, அது நிறுத்தப்பட்டுள்ள கட்டடத்தின் மேலிருந்து 6.1 மீட்டருக்கோ மேற்படலாகாது. ஐக்கிய இராச்சியத்தில் இச்சேவை 1981 நவம்பர் 2 அன்று சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டு அங்கு உரிமம் பெறும் தேவையும் நீக்கப்பட்டது.

இந்தியாவில் 2005 ஆம் ஆண்டு விதிகளின்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 5 வாட் வரை திறனுள்ள, ஆண்டெனா உள்ளமைந்த கருவிகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பி.எம்.ஆர்.446, அமெரிக்காவின் குடும்ப வானொலிச் சேவை ஆகியவற்றிலும் கருவியிலிருந்து கழற்ற இயலாத ஆண்டெனாவே அனுமதிக்கப்படுகிறது. ஆகவே வெளி ஆண்டெனாவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்நாட்டு விதியை அறிந்துகொள்வது தேவையாகும்.

அலைநீளமும் ஆண்டெனா நீளமும்

19 ஆவது தடத்தின் அதிர்வெண் 27.185 மெகாஹெர்ட்ஸ் ஆகும். இதன் அலைநீளம் ஏறத்தாழ 11.03 மீட்டர். எனவே,

* கால் அலை நீளம் ஏறத்தாழ 2.76 மீட்டர்
* அரை அலை நீளம் ஏறத்தாழ 5.51 மீட்டர்
* எட்டில் ஐந்து அலை நீளம் ஏறத்தாழ 6.89 மீட்டர்

கம்பியின் தடிமனும் முனை விளைவும் காரணமாக, நடைமுறையில் கம்பி இவ்வளவுகளைவிடச் சில விழுக்காடு குட்டையாக வெட்டப்படும். சான்றாக, 27.185 மெகாஹெர்ட்ஸுக்கான அரை அலை இருமுனை ஆண்டெனாவின் நீளம் ஏறத்தாழ 5.26 மீட்டர் ஆகும்.

முதல் தடத்தின் கால் அலை நீளத்திற்கும் 40 ஆவது தடத்தின் கால் அலை நீளத்திற்கும் உள்ள வேறுபாடு 4 சென்டிமீட்டரை விடச் சற்றே அதிகம். முழுநீள ஆண்டெனா ஒன்று 40 தடங்களையும் எளிதில் தாங்கிவிடும். குட்டையான ஆண்டெனாவின் பட்டையகலம் குறுகியது என்பதால், அதன் நீளத்தில் ஏற்படும் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும்.

வகைகள்

வாகன ஆண்டெனாக்கள்

முழுநீளக் கால் அலைச் சாட்டைக் கம்பி வாகனத்திற்கு மிகத் திறனுடையது. பொதுவாக 102 அங்குல எஃகுக் கம்பியும் அதன் அடியில் ஒரு சுருள்வில்லும் சேர்த்துப் பொருத்தப்படும். ஆயினும் இதன் உயரம் பாலங்களுக்கும் மரக்கிளைகளுக்கும் இடையூறாக அமைவதால் பலர் குட்டையான வகைகளை நாடுகின்றனர்.

குட்டையான கம்பியில் குறையும் நீளத்தை ஒரு மின்தூண்டல் சுருள் ஈடுசெய்கிறது. சுருள் அமையும் இடத்தைக் கொண்டு இவை அடிச்சுருள், நடுச்சுருள், மேற்சுருள் வகைகள் எனப் பிரிக்கப்படுகின்றன. கண்ணாடியிழைக் கோலின் மீது கம்பியைச் சுற்றிய வகை சரக்குந்துகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

சுருள் ஒத்ததிர்வை மீட்டுத் தரும், ஆனால் கதிர்வீச்சுத் திறனை முழுமையாக மீட்காது. முழுநீளக் கால் அலைக் கம்பியின் கதிர்வீச்சு மின்தடை ஏறத்தாழ 36 ஓம். 1 மீட்டர் நீளமுள்ள அடிச்சுருள் ஆண்டெனாவில் இது ஏறத்தாழ 3 ஓம் அளவிற்குக் குறைந்துவிடும். சுருளிலும் தரையிணைப்பிலும் உள்ள இழப்பு மின்தடை 6 ஓம் எனக் கொண்டால், ஊட்டப்படும் திறனில் மூன்றில் ஒரு பங்கே அலையாக வெளிப்படும். எஞ்சியது வெப்பமாகிறது. ஆகவே, வாகனம் அனுமதிக்கும் அளவில் மிக நீளமான ஆண்டெனாவைத் தேர்ந்தெடுப்பதே பொது விதியாகும்.

நிலைய ஆண்டெனாக்கள்

தரைத்தளக் கால் அலை ஆண்டெனாவில் ஒரு நிலைக்குத்துக் கம்பியும், அதன் அடியில் மூன்று அல்லது நான்கு ஆரைக் கம்பிகளும் இருக்கும். ஆரைகள் கிடையாக நின்றால் மின்மறுப்பு ஏறத்தாழ 36 ஓம் ஆகும். அவற்றை ஏறத்தாழ 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்தால் அது 50 ஓமை நெருங்கி வடத்துடன் பொருந்தும். எட்டில் ஐந்து அலை ஆண்டெனா அடிவானத்தை நோக்கிக் கூடுதலாகக் கதிர்வீசும். ஆனால் இதற்குப் பொருத்தும் சுற்று ஒன்று வேண்டும்.

யாகி வகைத் திசை ஆண்டெனா ஒரு திசையில் ஆற்றலைக் குவிக்கிறது. அதனைத் திருப்புவதற்குச் சுழலி தேவைப்படும். வாகன ஆண்டெனாக்கள் நிலைக்குத்து முனைவாக்கம் கொண்டவை. எனவே அவற்றுடன் பேசுவதற்குத் திசை ஆண்டெனாவின் கம்பிகளும் நிலைக்குத்தாகவே நிறுத்தப்பட வேண்டும். முனைவாக்கம் மாறினால் ஈட்டத்தைவிட இழப்பு மிகுந்துவிடும்.

பொருத்துதல்

வாகன உடலின் உலோகப் பரப்பு ஆண்டெனாவின் மறுபாதியாகச் செயல்படுகிறது. இதனால் பொருத்தும் இடம் கதிர்வீச்சின் வடிவத்தையே மாற்றுகிறது. கூரையின் நடுவில் பொருத்தினால் எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ சமமாகக் கதிர்வீசும். பின்புற இடது மூலையில் பொருத்தினால், உலோகம் மிகுந்திருக்கும் முன்புற வலது திசையில் வலுவாகவும் மற்றத் திசைகளில் குறைவாகவும் கதிர்வீசும்.

* துளையிட்டுப் பொருத்துதல்: உறுதியும் மின்தொடர்பும் மிகச் சிறந்தவை. கூரையில் துளையிட வேண்டியிருப்பது குறைபாடு.
* காந்த அடி: எளிதில் எடுத்து மாற்றலாம். வண்ணப்பூச்சின் ஊடாக மின்தேக்க முறையில் வாகன உடலுடன் இணைகிறது. அடியில் மணல் அல்லது துரு இருந்தால் பிடிப்பு தளர்வதோடு பூச்சும் கீறப்படும்.
* கண்ணாடித் தாங்கி: சரக்குந்துகளில் பக்கக் கண்ணாடியின் தாங்கியில் பொருத்தப்படும். தாங்கி வாகன உடலுடன் மின்தொடர்பு பெற்றுள்ளதா எனச் சோதிக்க வேண்டும்.

கண்ணாடியிழை உடல் கொண்ட வாகனங்களிலும் படகுகளிலும் உலோகப் பரப்பு இல்லை. இவற்றிற்குத் தரைத்தளம் தேவைப்படாத தனிவகை ஆண்டெனாக்களைப் பயன்படுத்துவர்.

சரக்குந்துகளில் இரு பக்கங்களிலும் ஒவ்வோர் ஆண்டெனா பொருத்தி இணைப்பதும் உண்டு. இதற்கு 75 ஓம் வடங்கள் பயன்படுகின்றன. இவ்வடங்களின் மின்நீளம் கால் அலையின் ஒற்றைப்படை மடங்காக இருக்கும். ஒவ்வொரு 50 ஓம் ஆண்டெனாவும் வடத்தின் மறுமுனையில் ஏறத்தாழ 112 ஓமாகத் தோன்றும். இரண்டும் பக்க இணைப்பில் சேரும்போது ஏறத்தாழ 56 ஓம் கிடைக்கும். ஆண்டெனாக்களுக்கிடையே கால் அலை, அதாவது ஏறத்தாழ 2.7 மீட்டர் இடைவெளி இருந்தால் முன்னும் பின்னும் கதிர்வீச்சு கூடும். சிறு மகிழுந்துகளின் அகலம் இதற்குப் போதாது.

வடமும் இணைப்பிகளும்

ஆண்டெனாவையும் கருவியையும் 50 ஓம் ஓரச்சு வடம் இணைக்கிறது. வாகனங்களில் சில மீட்டர் நீளத்திற்கு மெல்லிய ஆர்.ஜி-58 வடம் போதுமானது. நிலையங்களில் வடம் நீளமாக இருப்பதால் தடித்த ஆர்.ஜி-213 பயன்படுத்தப்படுகிறது. ஒரே நீளத்தில் இதன் இழப்பு முன்னதைவிட ஏறத்தாழ பாதியாகும். முனைகளில் பி.எல்-259 இணைப்பி பற்றவைக்கப்படுகிறது. நீர் புகுந்த வடம் விரைவில் பழுதாகும். ஆகையால் வெளியிலுள்ள இணைப்புகள் நீர்புகா நாடாவால் சுற்றப்பட வேண்டும்.

உயரமும் தொலைவும்

வானொலி அடிவானத்தின் தொலைவைக் கிலோமீட்டரில் அறிய, இரு ஆண்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் கொண்டு, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12 ஆல் பெருக்கலாம். 10 மீட்டர் உயரத்தில் உள்ள நிலையத்திற்கும் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள வாகனத்திற்கும் இது ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஆகும். குன்றுகளும் கட்டடங்களும் மின்னிரைச்சலும் இதனைக் குறைக்கும். ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியுடைய சூரியப் புள்ளிகள் மிகும் காலங்களில், அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு இவ்வலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்கள் செல்வதும் உண்டு.

இசைவித்தல்

ஆண்டெனாவின் மின்மறுப்பு வடத்துடன் பொருந்தாவிடில் திறனின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. இதனை நிலையலை விகிதம் காட்டுகிறது. 1.5 என்ற விகிதத்தில் 4 விழுக்காடும், 2 இல் 11 விழுக்காடும், 3 இல் 25 விழுக்காடும் திரும்பும். விகிதம் 3 ஐ மீறும் நிலையில் தொடர்ந்து அனுப்பினால் கருவியின் வெளியீட்டுத் திரிதடையம் சேதமடையக்கூடும்.

அளவிடும் முறை பின்வருமாறு:

1. வாகனத்தைக் கட்டடம், மரம், பிற வாகனங்கள் இல்லாத திறந்த வெளியில் நிறுத்திக் கதவுகள் அனைத்தையும் மூட வேண்டும்.
2. நிலையலை விகித அளவியைக் கருவிக்கும் ஆண்டெனா வடத்திற்கும் இடையில் குட்டையான வடத்தால் இணைக்க வேண்டும்.
3. தடத்தில் வேறு எவரும் பேசவில்லை என உறுதிசெய்து, 1, 20, 40 ஆகிய தடங்களில் சில நொடிகள் மட்டும் அனுப்பி அளவைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்செல் நிலையில் முள்ளை முழு அளவிற்குக் கொணர்ந்த பின்னரே திரும்பு நிலையைப் படிக்க வேண்டும்.
4. 1 ஆவது தடத்தில் விகிதம் மிகுந்திருந்தால் ஆண்டெனா குட்டையாக உள்ளது, நீட்ட வேண்டும். 40 ஆவது தடத்தில் மிகுந்திருந்தால் அது நீளமாக உள்ளது, குறைக்க வேண்டும்.
5. முனைத் திருகைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் மீண்டும் அளக்க வேண்டும். கம்பியை வெட்ட நேர்ந்தால் சில மில்லிமீட்டர்களாக வெட்டுவது நன்று, வெட்டிய கம்பியை ஒட்ட இயலாது.

எல்லாத் தடங்களிலும் விகிதம் 3 ஐ மீறினால் குறை நீளத்தில் இல்லை. வடத்தில் குறுக்குச்சுற்று, அறுந்த இணைப்பு, தரையிணைப்பின்மை ஆகியவற்றுள் ஒன்றையே தேட வேண்டும்.

குறைந்த விகிதம் மட்டும் சிறந்த ஆண்டெனாவைக் குறிப்பதில்லை. 50 ஓம் மின்தடை ஒன்று அளவியில் 1 என்ற நிறைவான விகிதத்தைக் காட்டும், ஆனால் அலையாக எதையும் வெளியிடாது. இழப்பு மிகுந்த பழைய வடமும் திரும்பும் திறனைத் தானே உறிஞ்சிக்கொண்டு விகிதத்தைக் குறைத்துக் காட்டும்.

பாதுகாப்பு

நிலைய ஆண்டெனாவை நிறுத்தும்போதோ இறக்கும்போதோ அது மின்கம்பிகளில் படுவதே மிகப்பெரிய இடராகும். உயர்ந்த உலோகக் குழாய் ஒன்று சாய்ந்து மின்கம்பியைத் தொட்டால் அதனைப் பிடித்திருக்கும் அனைவர் வழியாகவும் மின்சாரம் பாயும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய இறப்புகள் நேர்ந்ததை அடுத்து, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1978 ஆம் ஆண்டு முதல் இவ்வாண்டெனாக்களில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவதைக் கட்டாயமாக்கியது. அனைத்துத்திசை நிலைய ஆண்டெனாக்கள் மின்கம்பியில் பட்டாலும் பயனரைக் காக்கும் மின்காப்பு கொண்டிருக்க வேண்டும் என்ற தரம் 1982 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு 1983 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

கம்பமும் ஆண்டெனாவும் சேர்ந்த மொத்த உயரத்தைவிட மின்கம்பிகள் மிகுந்த தொலைவில் இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டெனா விழத் தொடங்கினால் அதனைத் தாங்க முயலாமல் விட்டுவிட்டு விலக வேண்டும். மழையிலும் காற்றிலும் இப்பணியைச் செய்யலாகாது. கம்பத்தை நிலத்துடன் மின்னிணைப்பதோடு, இடிமின்னல் வேளையில் வடத்தைக் கருவியிலிருந்து கழற்றிவிடுவதும் நன்று. அனுப்பும்போது ஆண்டெனாவைத் தொட்டால் உயர் அதிர்வெண் மின்னோட்டம் தோலைச் சுடக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

* அலைநீளம்
* அயனி மண்டலம்
* தொழில்முறையல்லா வானொலி
* நிலையலை விகிதம்
* யாகி ஆண்டெனா