சாரதியும் அவன் சீட்டும்

மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அரசாங்கக் காகிதங்களில் எழுதப்படும் உத்தியோகஸ்தரை, நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரித் தொழிலோடு சம்பந்தமுள்ளவர்கள் அந்தப் பெயரால் குறிப்பிட்டு நான் கேட்டது அபூர்வம். அவர்களுக்கு அவர் என்றைக்கும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’தான். வண்டியைக் கிளப்புவதும் ஓட்டுவதும் எவனுக்கும் கைவந்துவிடும், பத்து டன் பாரத்தோடு அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதே வித்தை என்று அனுபவத்தில் கண்டவர்கள் சூட்டிய பட்டமாக அது எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில் ஹெவி லைசென்ஸ் என்னும் சீட்டின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால், சட்டம் ஒருபுறமும் தொழில் ஒருபுறமுமாக, ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நெடுந்தூரம் நடந்து வந்திருப்பதைக் காணலாம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மோட்டார் என்பது துரைமார்களும் ஜமீன்தார்களும் வைத்திருந்த விசித்திர வஸ்துவாக இருந்தபோது, மாகாணங்கள் தத்தமக்குத் தோன்றியவாறு விதிகளை வகுத்துக்கொண்டிருந்தன. அவற்றை ஒருமைப்படுத்தக் கருதி 1914-இல் இயற்றப்பட்ட இந்திய மோட்டார் வாகனச் சட்டமே, பொது வழியில் ஓட்டுகிறவன் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும், 18 வயது நிரம்பாதவன் ஓட்டலாகாது என்னும் கட்டளைகளைத் தேசத்துக்குப் பொதுவாக்கியது. அந்நாளைய டிரைவர் பாதி மெக்கானிக்காகவே இருந்தாக வேண்டும். ஹேண்டிலைப் போட்டு எஞ்சினைச் சுழற்றும்போது அது எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும், வழியில் நின்றுவிட்டால் பட்டறையைத் தேடிப் போக அடுத்த ஊர் வரையில் நாதியில்லை. கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டித் தொழில் தொடங்கினாரென்றால், முதலாளியும் டிரைவரும் மெக்கானிக்கும் ஒரே ஆளாக இருக்கக்கூடிய காலம் அது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பஸ்களும் லாரிகளும் பெருகி, ரயிலின் வருமானத்தைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் அரசாங்கம் உண்மையாகவே விழித்துக்கொண்டது. பெர்மிட்டு முறையையும் வட்டாரப் போக்குவரத்து அதிகாரக் குழுக்களையும் கொணர்ந்த 1939-ஆம் வருஷத்துச் சட்டத்தில், டிரைவரைப் பற்றிய ஒரு வாசகம் என் மனத்தை விட்டு அகலாதது. சம்பளம் வாங்கும் ஊழியனாக ஒருவன் ஓட்ட வேண்டுமானாலும், பொதுஜனங்களை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்ட வேண்டுமானாலும், அதற்கென்று அவன் லைசென்ஸில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது அச்சட்டம். எஜமானன் தன் காரைத் தானே ஓட்டினால் ஒரு நியாயம், அதே காரை அதே வீதியில் அவனுடைய வேலைக்காரன் ஓட்டினால் வேறொரு நியாயம்! இதை வெறும் வர்க்க பேதமென்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. தூக்கம் கண்ணைச் சொக்கும்போது வண்டியை ஓரங்கட்டிவிட எஜமானனுக்குச் சுதந்திரம் உண்டு, கூலிக்காரனுக்கு அது இல்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் அரைமணி நேரமேனும் ஓய்வு தராமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவனை ஓட்ட வைக்கக் கூடாது, நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 54 மணி என்ற வரம்புகளும் அதே சட்டத்தில் இடம்பெற்றன. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாள் வரம்பை 8 மணியாகவும் வார வரம்பை 48 மணியாகவும் குறைத்தது. பம்பாய்க்கு லோடு ஏற்றிப் போய் வந்தவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், மரியாதைக்காகச் சிரிக்காமல் இருப்பார்கள்.

சட்டம் இவ்வாறு ஏடுகளில் வளர்ந்துகொண்டிருக்க, டிரைவர்களை உண்மையில் உண்டாக்கியது கிளீனர் இருக்கைதான். மழை பொய்த்த மேட்டுநிலங்களிலிருந்து, பள்ளிக்கூடத்தை விட்டோ, அதன் வாசலையே மிதிக்காமலோ, மீசை அரும்பாத பையன் ஒருவன் லாரியில் ஏறுவான். ஏறியவுடன் அவனுக்குக் கிடைப்பது ஸ்டியரிங் அன்று, கரித்துணி. கண்ணாடி துடைப்பதும், டயரைத் தட்டிப் பார்த்து ஓசையினாலேயே காற்றின் அளவை அறிவதும், தார்ப்பாயை இழுத்துக் கயிறு முடிவதும், டிரைவருக்குச் சோறாக்குவதும், பாதையோரத்தில் ஜாக்கி வைத்து ஸ்டெப்னி மாட்டுவதும் முதல் பாடங்கள். வண்டி பின்வாங்கும்போது பின்னால் நின்று, ‘வரட்டும், வரட்டும்’ என்று குரல் கொடுத்து, உடம்புப் பலகையில் கைதட்டி நிறுத்தும் அந்தப் பையனுக்கு, தான் அறியாமலே லாரியின் நீள அகலங்கள் கண்ணுக்குள் பதிந்துவிடும். வாகனத்தின் பின்சக்கரம் எந்தக் கோட்டில் வருமென்பதை எந்தப் புத்தகமும் இதைவிட நன்றாகப் போதித்ததில்லை.

அப்புறம் ஒரு நாள், லோடு இறக்கி வெறும் வண்டியாகத் திரும்பும் ராத்திரியில், ஆளரவமற்ற நேர்ச்சாலையில், “டேய், இப்படி வந்து உட்காரு” என்பார் டிரைவர். “அண்ணே, எனக்கா?” என்று பையன் தயங்குவான். கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினின் சுருதியைச் சிறிது ஏற்றி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரில் விழவைக்கும் அந்தப் பழைய இரட்டை மிதியை, தப்பினால் பல்சக்கரங்கள் கறகறவென்று கதற, பின்னந்தலையில் ஒரு குட்டும் விழ, அவன் கற்றுக்கொள்வான். இது சட்டப்படி குற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் எல்.எல்.ஆர். எடுத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அவன் வண்டியைத் தொடும் நாளில், அவன் கை அந்த வித்தையை ஏற்கெனவே அறிந்திருக்கும். ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, அங்குலம்கூடப் பின்னால் நழுவாமல் மேலே எடுக்கச் சொல்லும் பரீட்சையெல்லாம், மலைப்பாதையில் மரக்கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்கு அடை கொடுத்தவனுக்கு விளையாட்டு. இந்தக் குருகுலத்தைப் போற்றுகிறவர்கள் அதன் குறைகளை மறைத்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்: குரு செய்த தவறும் வித்தையோடு கூடவே வந்தது. இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருள விடும் பழக்கம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய தவறு. தொப்பூர்க் கணவாயின் விபத்துக் கதைகளில் அதற்கும் பங்குண்டு.

1988-ஆம் வருஷத்துச் சட்டமும் அதன் விதிகளும் சீட்டின் பாதையை மாற்றின. 20 வயது, ஓராண்டாவது லேசுரக வாகன லைசென்ஸ் வைத்திருந்த அனுபவம், டிரைவிங் ஸ்கூலின் சான்றிதழ் என்று நிபந்தனைகள் வரிசையாக வந்தன. கனரக வண்டிக்கு 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தல் என்று விதி வகுத்ததைக் கேட்ட பழைய ஆட்களுக்கு, ஐந்து வருஷம் கரித்துணி பிடித்தது நினைவுக்கு வந்திருக்கும். நடுத்தர வண்டி, கனரக வண்டி என்று பிரிந்திருந்த வகுப்புகளை 1994-ஆம் வருஷத்துத் திருத்தம் ‘போக்குவரத்து வாகனம்’ என்ற ஒரே தலைப்பில் அடக்கியது. எல்லாவற்றிலும் கடினமாக உறுத்தியது, எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டுமென்ற விதி. காஷ்மீரம் வரைக்கும் வழி தெரிந்தவன், எழுத்தை எட்ட நின்று பார்த்தவன் என்பதனால் வாசலிலேயே நிறுத்தப்பட்டான். ஓட்டுவதைத் தவிர வேறு பிழைப்பறியாதவர்கள் மிகுந்த மேவாத் பிரதேசத்துக்காக ஹரியாணா அரசாங்கம் முறையிட்டதையும் கருதி, 2019-இல் மத்திய அரசு அந்த விதியை நீக்கிற்று. எழுத்தறிவு வேறு, கைத்திறன் வேறு என்பதை ஒப்புக்கொள்ள இத்தனை காலம் பிடித்தது.

எனினும் சீட்டைக் குறைகூறுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கிளீனர் இருக்கை ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட ஆசனம். ஒரு பெண்பிள்ளை லாரி மேல் படுத்துறங்கி, ஊர் ஊராகத் திரிந்து தொழில் பழக எந்தக் குருவும் இடம் கொடுத்ததில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் டிரைவராக வேலையில் சேர்ந்தபோது, எந்த அண்ணனின் தயவும் காட்டாத வாசலை, அரசாங்க முத்திரை குத்திய அந்தக் காகிதமே திறந்துவிட்டது.

லேசுரக லைசென்ஸ் உள்ளவன் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனிக்குறிப்பின்றி ஓட்டலாமா என்ற வழக்கு, 2017-இலும், பிறகு அரசியல் சாசன அமர்வின் முன் 2024-இலும் ஓட்டலாம் என்றே தீர்ந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அதில் கசப்பு. லைசென்ஸ் விண்ணப்பங்களெல்லாம் இப்போது கணினி வழியே போகின்றன. அந்த ஏற்பாட்டுக்கு டில்லிக்காரர்கள் ‘சாரதி’ என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் நம் பத்திரிகைகள் டிரைவருக்கு எழுதி, பிறகு கைவிட்டுவிட்ட பதம்!

கிளீனர்கள் குறைந்துவிட்டார்கள், அநேக லாரிகளில் அந்த இருக்கை காலியாகவே போகிறது. புதிதாகச் சீட்டு வாங்கிய இளைஞன் வேலை கேட்டு வந்து, அட்டையை இரு கையாலும் நீட்டும்போது, முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைக்கிறார். “லைசென்ஸ் இருக்கட்டும் தம்பி, திம்பம் இறங்கியிருக்கியா?” என்கிறார். சத்தியமங்கலத்துக்கு மேலே, 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை அது. இளைஞன் இல்லையென்று தலையசைக்கிறான். முதல் இரண்டு நடைக்குப் பழைய டிரைவர் ஒருவரோடு இடப்பக்கம் உட்கார்ந்து போய் வரும்படி, அட்டையைத் திருப்பிக் கொடுத்து, அவனை அனுப்பிவைக்கிறார்.